அடைப்புக்குறிக்குள்

மேலவையின் நடுவே, எல்லா இருக்கைகளும்
மேலிருந்து பார்க்கும் பள்ளத்தில்
எங்கள் மேசை.
முப்பத்தோரு வருடம் அதில் உட்கார்ந்து
பிறர் பேசியதை எழுதினேன்.
மொந்தெவிதேயோவில் சுருக்கெழுத்தாளனுக்குக்
கருத்து கிடையாது. காது உண்டு, பென்சில் உண்டு.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுவோம்.

மிர்தா ஒலாஸ்கோவாகா முதன்முதலாக எழுந்தபோது
என் ஐந்து நிமிடம்.
பிரேசில் எல்லைப்பக்கம் ரயிலுக்குக் கொடி காட்டியவரின் மகள்.
இறைச்சி ஆலையில் எடைச்சீட்டு எழுதியவர்.
ஜூலை மழையில் காலணி ஊறியிருந்தது,
நடந்து வந்த வழியெல்லாம் பளிங்கில் ஈரத் தடம்.
நிறுத்திவிட்ட இரவு ரயிலைப் பற்றிப் பேசினார்.
இடுப்புவலி கண்ட ஒருத்தியை
மாட்டு லாரியில் ஏற்றிப்போனதைச் சொன்னார்.

(குறுக்கீடு: "காதில் விழவில்லை, உரக்கப் பேசுங்கள்.")
உரக்கப் பேசினார்.
(குறுக்கீடு: "கத்தாதீர்கள், அம்மணி.")
(சிரிப்பு.)

இவ்வளவுதான் ஏட்டில் இருக்கிறது.
சிரித்தது யாரென்று எழுத
விதியில் இடமில்லை.

அவருடைய பேச்சில் பாதி எல்லைக்கு அப்பாலுள்ள மொழி.
நான் அதைத் தட்டி, நிமிர்த்தி,
தலைநகரத்துத் தமக்கை பேசுவதுபோல் ஆக்கி அனுப்பினேன்.
மறுநாள் ஒரு துண்டுச்சீட்டு வந்தது:
"நான் சொன்னதை எழுதுங்கள்.
என் வாயைக் கழுவிவிட வேண்டாம்."
அந்தச் சீட்டை எறியவில்லை.
ஏனென்று கேட்டால் தெரியாது.

பிறகு தோற்றார். பிறகு வென்றார்.
கணவர் போன வாரத்திலும் வரவுசெலவு விவாதத்துக்கு வந்தார்,
ஒரு திருத்தத்தையும் விடவில்லை.
போக்குவரத்து அமைச்சரானார்.
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே,
கோப்புகளைச் சுமக்கப் பின்னால் ஒரு பையன்.

அந்த ஏப்ரலில் பதில் சொல்ல வந்தவர்
வடக்குத் தடத்தைப் பெயர்த்தெடுக்கிறோம் என்றார்.
தண்டவாளம் இரும்புவிலைக்குப் போகிறது,
அந்தப் பணத்தில் நாற்பது ஆம்புலன்ஸ்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
வாக்கியங்களும் சரியாக இருந்தன.
வேற்றுமொழிச் சொல் ஒன்றுகூட இல்லை,
நான் கழுவுவதற்கு எதுவுமில்லை.
பார்வையாளர் மாடத்தில் ஒரு கிழவர்
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
அதையும் எழுத விதியில்லை.

துணை அதிபர் ஆனதும்
மேலவையின் உயர்ந்த நாற்காலியும் கைமணியும் அவருக்கு.
மணியடிப்பதில் கஞ்சம்.
நேரம் கடந்தவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்,
வாக்கியம் தானே முற்றுப்புள்ளியைத் தேடிக்கொள்ளும்.
நள்ளிரவு தாண்டிய அமர்வுகளில்
நாற்காலிக்கு அடியில் காலணியைக் கழற்றிவைப்பார்.
பள்ளத்திலிருந்து எங்களுக்கு மட்டும் தெரியும்.

ஓர் இரவு மின்தூக்கியில் நாங்கள் இருவர்.
"அன்றைக்குச் சிரித்தது யார்? உங்களுக்குத் தெரியுமே" என்றார்.
எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.
நான்கு பெயர் தெரியும்.
ஒருவர் இறந்துவிட்டார்.
ஒருவர் அவர் கட்சிக்கே வந்து
அவர் பதவியேற்றபோது முன்வரிசையில் கைதட்டினார்.
ஒருவர் வெளிநாட்டில் தூதர்.
நான்காவது ஆள் பென்சிலைக் கடித்துக்கொண்டு,
சத்தமில்லாமல், ஆனாலும் சிரித்தவன்.

"பதிவில் இல்லை, அம்மணி" என்றேன்.

மூன்றாவது மாடி வந்தது.
"நல்ல எழுத்தாளர் நீங்கள்" என்று சொல்லி இறங்கினார்.
பாராட்டா என்று இன்றுவரை விளங்கவில்லை.

கடைசி அமர்வு பிப்ரவரி வெக்கையில்.
நன்றியுரையெல்லாம் முடிந்தபின் எழுந்து,
அந்தப் பழைய எல்லைப்பேச்சில்
மூன்றே சொல் சொன்னார்.
சபை புரியாமல் கைதட்டியது.
நான் சொன்னபடியே எழுதினேன்,
எழுத்துப்பிழை என்று திருத்த வந்த இளைஞனின்
கையைப் பிடித்துக்கொண்டு.

(அவைத் தலைவர் வெளியேறுகிறார். மணி 19.42.)

அரசு காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஒன்பது மணிப் பேருந்தில் வடக்கே போனாராம்.
ஏழு மணி நேரப் பயணம்.
ரயில் இல்லையே.